பழி யார் மேல்?

பிறக்கின்ற குழந்தையை முதலில் ஏந்துவது தாயின் கையன்று, மருத்துவச்சியின் கை. தாய் முகம் பார்ப்பதற்கு முன்னரே அவள் பார்த்துவிடுகிறாள். ஆணா பெண்ணா, மூச்சு வந்ததா, உடல் நீலம் பூத்திருக்கிறதா, கை கால்கள் செம்மையாக உள்ளனவா என்பதெல்லாம் வீட்டார்க்கு முன் அவளுக்கே தெரிகின்றன. அவள் முகம் மலர்ந்தால் அறை முழுவதும் மலரும். அவள் வாய் திறவாது நின்றால்? அந்த மௌனத்தை ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் கண்டேன். கண்ட நாள் தொட்டு என் மனத்தில் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருக்கிறது. அதை ஆண்டு மலர் வாயிலாக நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

தொடரின் பெயர் 'கால் த மிட்வைஃப்'. 'மருத்துவச்சியைக் கூப்பிடுங்கள்' என்று நம் மொழியில் சொல்லலாம். பி.பி.சி. நிறுவனம் 2012 சனவரியில் இதைத் தொடங்கிற்று. சென்னிஃபர் வொர்த் என்ற அம்மையார் 1950-களில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் கிறித்தவக் கன்னியருடன் சேர்ந்து மருத்துவச்சியாகப் பணியாற்றியவர். முதுமையில் தம் நினைவுகளை எழுதினார். முதல் நூல் 2002-இல் வெளிவந்தது. அந்நூலே தொடருக்கு வித்து. பாவம், தொடர் ஒளிபரப்பாகும் முன்னரே, 2011-இல், அவர் மறைந்துவிட்டார்.

கதை நடக்கும் இடம் பாப்லர். துறைமுகக் கூலிகளும் அவர்தம் குடும்பங்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. இளம் மருத்துவச்சிகள் மிதிவண்டியில் பையைக் கட்டிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் சுற்றுவார்கள். அவர்கள் தங்கும் கன்னியர் மடத்தின் பெயர் நொன்னாட்டஸ் இல்லம். அந்த இலத்தீன் சொல்லுக்குப் 'பிறவாதவர்' என்று பொருள். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்ற ஒரு புனிதர், மகப்பேற்றுக்குக் காவலராகக் கருதப்படுகிறார். (பேறுகாலத்தைப் பற்றிய தொடருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!) 1948-இல் தொடங்கிய தேசிய நலவாழ்வுத் திட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் வைத்தியமும் பேறுகால உதவியும் ஏழைக்கும் கிட்டின. அந்த மாற்றத்தைச் சுவைபடக் காட்டுவதே தொடரின் பெருமை.

தோழியர் சிலர் இதை 'அழுகைத் தொடர்' என்று கேலி செய்கின்றனர். வாரந்தோறும் ஒரு பிரசவம், ஒரு கண்ணீர், முடிவில் ஒரு மூதாட்டியின் குரலில் இரண்டு நல்ல வார்த்தை. இதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை. எனினும் ஐந்தாம் பருவத்தின் முதற்பகுதியைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2016 சனவரி 17-ஆம் நாள் ஒளிபரப்பான அப்பகுதியைப் பற்றியே நான் எழுத வந்தேன்.

கதையில் ஆண்டு 1961. ரோடா மல்லக்ஸ் என்ற பெண்மணி. ஏற்கெனவே பிள்ளை பெற்றவள். பிரசவம் அவளுக்குப் புதிதன்று. ஆகவே அச்சமின்றி வருகிறாள். குழந்தையும் பிறக்கிறது. பிறந்தவுடன் எழ வேண்டிய ஆரவாரம் எழவில்லை. குழந்தை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் கைகளும் கால்களும் வளர வேண்டிய அளவு வளரவில்லை. அத்தனை பிரசவம் பார்த்த கைகள் ஒரு கணம் செயலற்றுப் போகின்றன. என்ன சொல்வது? எப்படிச் சொல்வது? எவருக்கும் தெரியவில்லை. தந்தைக்குக் குழந்தையை ஏறிட்டுப் பார்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அக்குழந்தைக்குச் சூசன் என்று பெயரிடுகிறார்கள்.

பார்வையாளராகிய நமக்குக் காரணம் தெரியும். திரையில் இருப்பவர் எவருக்கும் தெரியாது. அந்த இடைவெளிதான் இப்பகுதியின் உயிர். ரோடாவுக்குக் கருவுற்ற தொடக்கத்தில் இருந்த குமட்டலுக்காக அவ்வூர் மருத்துவர் டர்னர் 'டிஸ்டவால்' என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். தாலிடோமைடு என்ற வேதிப்பொருளுக்கு இங்கிலாந்தில் வழங்கிய வணிகப் பெயர் அது. டர்னர் நல்லவர், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருபவர். அவர் கையெழுத்தில்தான் அந்த நஞ்சு அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில் இங்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆய்வுக்கூடத்தில் கோழிக்கருவின் கண்ணாடித் தகடுகளைப் பார்த்திருக்கிறோம். 24 மணி, 48 மணி, 72 மணி என்று வரிசையாக இருக்கும். முதல் இரண்டில் இறக்கைக்கும் காலுக்கும் அடையாளமே இராது. 72 மணித் தகட்டில் உடலின் இருமருங்கிலும் சிறு மேடுகளாக அவயவ மொட்டுகள் தோன்றும். தேர்வுக்குப் படம் வரைந்து பெயர் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மனிதக் கருவில் அதே மொட்டுகள் நான்காவது வாரத்தின் இறுதியில் தோன்றுகின்றன. தாலிடோமைடு கேடு செய்யும் காலம் கரு உண்டான சுமார் 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரை. அந்த நாள்களுக்குள் விழுங்கிய ஒரே ஒரு மாத்திரை போதும். மசக்கைக் குமட்டல் தலைகாட்டுவதும் ஏறத்தாழ அதே நாள்களில்தான்! எந்த நாளில் குழந்தைக்குக் கை முளைக்கிறதோ அந்த நாளில்தான் தாய் மருந்து கேட்டு மருத்துவரிடம் போகிறாள். இயற்கை இப்படி ஒரு பொறி வைத்திருக்கும் என்று எந்த நாடகாசிரியரும் கற்பனை செய்ய முடியாது.

மருந்தின் வரலாறு தொடரில் விரிவாக இல்லை. எனவே நானே தேடிப் படித்தேன். மேற்கு செருமனியின் குரூனென்தால் என்னும் நிறுவனம் இதை 1957 அக்டோபரில் 'கான்டர்கன்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. அமைதியும் உறக்கமும் தரும் மருந்து. மருத்துவச் சீட்டின்றியே வாங்கலாம். கடைக்கு வருவதற்கும் முன், 1956 கிறிஸ்துமஸ் நாளில், அந்நிறுவன ஊழியர் ஒருவரின் வீட்டில் காதுகள் இன்றி ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே இம்மருந்தின் முதற்பலி என்று பின்னாளில் அறிந்தனர். அன்று யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை.

இங்கிலாந்தில் 1958 ஏப்ரலில் இதை விற்கத் தொடங்கியது டிஸ்டில்லர்ஸ் கம்பெனி. விஸ்கியும் ஜின்னும் காய்ச்சி விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய நிறுவனம் அது! கருவுற்ற தாய்க்கும் பால்கொடுக்கும் தாய்க்கும் தீங்கற்றது என்று விளம்பரம் செய்தனர். மருத்துவ இதழில் வந்த ஒரு விளம்பரத்தில் ஒரு சிறு குழந்தை மருந்து அலமாரியைத் திறந்து புட்டியை எடுக்கிறது. அளவுக்கு மிஞ்சி விழுங்கினாலும் உயிர் போகாத மருந்து என்பது அதன் கருத்து. அது முற்றும் பொய் என்று சொல்வதற்கில்லை, விழுங்கியவர் சாகவில்லை. விழுங்கியவரின் வயிற்றில் இருந்த உயிரைப் பற்றித்தான் எவரும் கேட்கவில்லை. கருவுற்ற விலங்குகளில் சோதித்துப் பார்த்த பிறகு விற்கப்பட்ட மருந்தன்று இது. கேடு வெளிப்பட்ட பின், 1962-இல்தான், அதே நிறுவனத்தின் ஆய்வாளர் கருவுற்ற முயல்களுக்குக் கொடுத்து ஊனமுற்ற குட்டிகள் பிறப்பதைக் கண்டார். எலிகளோ எளிதில் பாதிக்கப்படுவதில்லை. எந்த விலங்கில் சோதிக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நம் துறை மாணவர்கள் இதிலிருந்து உணரலாம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டில் பழி யார் மேல் விழுகிறது?

முதலில் தாய் மேல். பிறர் சொல்லவே வேண்டாம். அவளே தன்மேல் சுமத்திக்கொள்கிறாள். நான் என்ன தின்றேன், எதைப் பார்த்துப் பயந்தேன், எந்தப் பாவம் செய்தேன் என்று இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறாள். அக்காலத்து ஐரோப்பாவில் பெற்றோர் பலர் பரம்பரைக் குறையோ என்று அஞ்சினர். அணுகுண்டுச் சோதனையின் கதிரோ என்றும் ஐயுற்றனர். கணவன் மனைவியின் குலத்தையும், மனைவி கணவனின் குலத்தையும் ஐயுறும் வீட்டில் குழந்தைக்கு என்ன அமைதி கிடைக்கும்? குமட்டலுக்கு விழுங்கிய சிறு மாத்திரையை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அது அவ்வளவு அற்பமானது. அவ்வளவு நல்லது என்று சொல்லப்பட்டது.

அடுத்து மருத்துவர் மேல். அதே பருவத்தின் எட்டாவது பகுதியில் உண்மை வெளியாகிறது. தம் கையால் எழுதிக் கொடுத்த மருந்துதான் காரணம் என்று டர்னர் அறிகிறார். அந்த நல்ல மனிதர் உடைந்துபோகும் காட்சியைக் கண்டு கலங்காதவர் இருக்க முடியாது. ஸ்டீஃபன் மக்கான் என்ற நடிகர் அதைச் சிறிதும் மிகையின்றி நடித்திருக்கிறார். யார் யாருக்கு எழுதினேன், இன்னும் யார் வீட்டில் மிச்ச மாத்திரை இருக்கிறது என்று மருத்துவர் பழைய பதிவேடுகளைப் புரட்டும்போது ஒவ்வொரு தாளும் ஒரு குற்றச்சாட்டாக அவர் முன் எழுகிறது.

இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொடரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தாய் அழுகிறாள், மருத்துவர் அழுகிறார், கன்னியர் செபிக்கிறார்கள். விற்றவன் எங்கே? அவன் மாத்திரைப் புட்டியின் மேல் ஒட்டிய பெயராக மட்டுமே நிற்கிறான். நொன்னாட்டஸ் இல்லத்துக் கதையில் தீயவர் என்று எவருமே இல்லை. எல்லாரும் நல்லவர்கள், ஏதோ நடந்துவிட்டது என்ற உணர்வோடு பார்வையாளர் எழுந்து போய்விடுகிறார். பாப்லர் வாசிகளின் கண்ணால் கதை சொல்கிறோம், அவர்கள் கண்ணுக்கு நிறுவனம் தெரிந்திராது என்று தொடரை எழுதிய ஹெய்டி தாமஸ் அம்மையார் சார்பில் ஒருவர் வாதிடலாம். வாதம் நியாயமானதே. என் மனம் முழுதும் ஏற்கவில்லை. செருமனியில் இம்மருந்தை உண்டவர்களுக்குக் கைகால் மரத்துப்போகிறது என்ற முறையீடுகள் 1959 தொட்டே நிறுவனத்துக்கு வரலாயின. அவற்றை அது சிறிதாக்கிக் காட்டியபடியே விற்பனையைத் தொடர்ந்தது. 'ஏதோ நடந்துவிட்டது' என்ற சொல் இதற்குப் பொருந்துமா?

ஆயினும் தொடர் சொல்லாமல் சொல்லும் வேறொரு செய்தி உண்டு. அதுதான் என்னை எழுத வைத்தது. முதற்பகுதியில் குழந்தை பிறக்கிறது; எட்டாவது பகுதியில்தான் காரணம் தெரிகிறது. இடையில் ஏன் இத்தனை தாமதம்? கண்டவர்கள் இல்லாமலா? கண்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மருத்துவச்சி கண்டாள். இத்தகைய ஊனம் மிக அரிது. பணிக்காலம் முழுவதும் ஒன்றுகூடக் காணாத மருத்துவச்சிகள் பலர். ஆகவே கண்டவள், தான் கண்டது ஒன்றே ஒன்று, இறைவன் விட்ட வழி என்று எண்ணிக்கொண்டாள். பக்கத்து ஊரில் இன்னொருத்தி அதே வாரம் அதையே கண்டு அதையே எண்ணிக்கொண்டாள். இரண்டையும் ஒரே தாளில் எழுத இடம் இல்லை. எழுதிக் கூட்டிப் பார்க்க ஆளும் இல்லை.

கூட்டிப் பார்த்தவர் யார் என்பதையும் கேளுங்கள். செருமனியில் சட்டத்துறையைச் சார்ந்த கார்ல் சூல்ட்டே-ஹில்லன் என்பவருக்கு 1961-இல் ஒரு மகன் பிறந்தான், கைகள் குறுகியிருந்தன. அவருடன் பிறந்தவளுக்கும் சில வாரம் முன்பு அப்படியே ஒரு குழந்தை. குடும்பக் குறை என்று எல்லாரும் முடிவுகட்டினர். அவர் மட்டும் அடங்கவில்லை. ஆம்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸிடம் போனார். இருவரும் வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் கேட்டனர். என்ன உண்டீர்கள், என்ன குடித்தீர்கள், எந்த மருந்து எடுத்தீர்கள்? சொல்லத்தக்க பெரிய மருந்தாகவே கருதாததால் பல தாய்மார் முதலில் கான்டர்கனைக் குறிப்பிடவே இல்லை. திரும்பக் கேட்டபோதுதான் நினைவுகூர்ந்தனர். 1961 நவம்பர் நடுவில் லென்ஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். செய்தி நாளேட்டில் வெளியான பிறகே, அம்மாத இறுதியில், மருந்து திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்தில் டிசம்பர் தொடக்கத்தில் நிறுத்தினர். அதே டிசம்பரில் ஆஸ்திரேலிய மகப்பேற்று மருத்துவர் வில்லியம் மக்பிரைடு எழுதிய சிறு கடிதமும் 'லான்செட்' இதழில் வந்தது. உலகெங்கும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த பிறகு! அவர்களில் பலர் மழலைப் பருவத்தையே தாண்டவில்லை.

அமெரிக்காவில் மட்டும் பெரும் அழிவு நேரவில்லை. காரணம் ஒரு பெண்மணி. பிரான்சஸ் கெல்சி 1960-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். தாலிடோமைடுக்கு அனுமதி கேட்டு வந்த விண்ணப்பம் அவருடைய முதற்பணிகளுள் ஒன்று. எளிய வேலை என்று நினைத்தே புதியவரிடம் தந்தனர். சான்றுகள் போதா என்று அவர் திருப்பி அனுப்பினார். நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியும் இணங்கவில்லை. அவருக்குத் துணைநின்றது என்ன தெரியுமா? இசுகாத்லாந்தின் ஒரு சிற்றூரில் வைத்தியம் பார்த்த லெஸ்லி ஃபிளாரன்ஸ் என்ற பொது மருத்துவர் 1960 டிசம்பர் கடைசி நாளில் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய ஒரு சின்னஞ்சிறு கடிதம். தம் நோயாளிகள் சிலருக்குக் கைகால் மரத்துப்போவதற்கு இம்மருந்துதான் காரணமோ என்று அதில் கேட்டிருந்தார். பெரிய ஆய்வன்று, கண்டதை எழுதினார், அவ்வளவே. எழுதியதால் கடல் கடந்த ஒரு மேசையில் ஒருவர் படித்தார். இந்தப் பணிக்காக 1962-இல் அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது அளித்துச் சிறப்பித்தார். தம் 101-ஆம் வயதில், 2015-இல், அவர் மறைந்தார்.

இதை எண்ணும்போது எனக்கு ஓர் ஆற்றாமை எழுகிறது. ஒரு சிற்றூர் மருத்துவர் எழுதிய கடிதத்தை இதழ் வெளியிட்டது. பாப்லரின் ஒரு மருத்துவச்சி எழுதியிருந்தால் வெளியிட்டிருக்குமா? குழந்தையை முதலில் ஏந்தும் கைக்கு அதைப் பற்றி எழுதும் உரிமை இருந்ததா? இக்கேட்டுக்குப் பிறகு 1964-இல் இங்கிலாந்து அரசு 'மஞ்சள் அட்டை' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு மருந்தால் தீங்கு நேர்ந்ததோ என்று ஐயம் எழுந்தாலே போதும். அந்த அட்டையில் எழுதி அனுப்பலாம். ஒரே இடத்தில் எல்லா அட்டைகளும் சேரும். அருமையான ஏற்பாடு. ஆனால் தொடக்கத்தில் அது மருத்துவர்க்கும் பல்மருத்துவர்க்கும் உரியது. செவிலியரும் மருத்துவச்சிகளும் அதில் எழுதலாம் என்று அனுமதி கிடைத்த ஆண்டு 2002! முப்பத்தெட்டு ஆண்டுகள். சென்னிஃபர் வொர்த் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். பொதுமக்கள் தாமே எழுதலாம் என்றானது அதற்கும் பின்னர், 2005-இல்.

ஆக, படுக்கையருகே நின்றவர்கள் மேல் பழி விரைந்து வந்து விழுந்தது. அவர்கள் சொல்லோ மெல்லத்தான் ஏறிச் சென்றது. இதுவே என் முறையீடு.

அதே பருவத்தில் இன்னொரு காட்சி உண்டு. மருத்துவமனை ஒன்றில் இவ்வாறே ஊனத்தோடு பிறந்த ஒரு சிசுவைத் திறந்த சன்னலருகே குளிரில் தனியே கிடத்திவிடுகிறார்கள். தாயிடம் காட்டவும் இல்லை. கன்னியர் தலைவி சூலியன் அதைக் கண்டு, எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். அவர் கையிலேயே அது அடங்குகிறது. இது மிகைப்படுத்தியது என்று கருதுவோர் இருக்கலாம். அக்காலத்து மருத்துவமனைகள் சிலவற்றில் இப்படி நடந்ததுண்டு என்று பின்னாளில் சாட்சி சொன்னவர்கள் உண்டு. அந்தக் காட்சியில் பேச்சு மிகக் குறைவு. தொடர் முழுவதிலும் இதற்கு ஈடான இடம் வேறில்லை என்பேன். சன்னலைத் திறந்து வைத்தவரும் ஒரு செவிலியாகத்தான் இருக்க வேண்டும். யாரோ சொல்லிக் கொடுத்ததைச் செய்தவர். தீயவரே இல்லாத தொடர் என்று சற்றுமுன் குறை கூறினேன். இங்கே மட்டும் அந்தக் குறை நிறையாகிவிடுகிறது. ஒரு கை கிடத்திற்று, ஒரு கை எடுத்தது. இரண்டும் ஒரே வெள்ளுடைத் தொழிலுக்கு உரிய கைகள்.

பிறகு நடந்தவை அப்பருவத்தின் கால எல்லைக்கு அப்பாற்பட்டவை, சுருக்கமாகவே சொல்கிறேன். நலவாழ்வு அமைச்சர் ஈனாக் பவல் பொது விசாரணைக்கு இசையவில்லை. பெற்றோர் நீதிமன்றம் ஏறினர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1972-இல் அரால்டு எவன்ஸ் ஆசிரியராயிருந்த 'சண்டே டைம்ஸ்' இதழ் இக்குழந்தைகளுக்காக இயக்கம் நடத்தியது. வழக்கு நடக்கிறது, எழுதாதே என்று நீதிமன்றத் தடை வந்தது. அத்தடை எழுத்துரிமைக்கு மாறானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1979-இல். அதற்குள் 1973-இல் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் 2 கோடி பவுன் தர இணங்கியிருந்தது. செருமனியில் 1968-இல் தொடங்கிய குற்ற வழக்கு, 10 கோடி மார்க் இழப்பீட்டுக்கு நிறுவனம் உடன்பட்டபின், 1970 டிசம்பரில் தீர்ப்பின்றியே முடிக்கப்பட்டது. பிரிட்டன் அரசு 2010-இல் வருத்தம் தெரிவித்தது. குரூனென்தால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012-இல். அதுவும் ஒரு நினைவுச் சிலைத் திறப்பில். குழந்தைகள் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள் அல்லது தொட்டவர்கள். இந்த மன்னிப்பு போதாது என்று அவர்களில் பலர் மறுத்துவிட்டனர். மறுத்தது சரியே என்பது என் கருத்து. டர்னர் ஒரே நாளில் உணர்ந்ததை அவர்கள் உணர்ந்து சொல்ல அரை நூற்றாண்டு பிடித்ததே!

அம்மருந்து இன்று மறைந்துவிட்டதா என்றால், இல்லை. தொழுநோயில் வரும் ஒருவகை வலிமிகு புண்கட்டிகளுக்கு அது பயன்படுகிறது என்று செருசலேம் மருத்துவர் சேக்கப் செஸ்கின் 1960-களின் நடுவில் கண்டறிந்தார். இப்போது எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். அதனால் பல உயிர்கள் நீடிக்கின்றன. கருவுறும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடுகளுடன்தான் தருவர். பிரேசில் நாட்டில் தொழுநோய்க்குத் தந்த மாத்திரை தவறான கைக்குப் போய், பிற்காலத்திலும் சில குழந்தைகள் அவ்வாறே பிறந்தன. அது கருவில் எதைப் பற்றிக்கொண்டு கேடு செய்கிறது என்பதற்கான முதல் துப்பு, 'செரப்லான்' என்ற புரதம், சப்பான் நாட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததே 2010-இல்தான். நம் பாடநூல்களில் தாலிடோமைடு ஒரு வரியில் வருகிறது. ஆசிரியர்கள் கோழிக்கருத் தகட்டைக் காட்டும் அன்று இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

தொடரைக் காண விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதற் பருவத்திலிருந்து பார்க்கப் பொறுமை இல்லாவிடினும் குறையில்லை. ஐந்தாம் பருவத்தை மட்டுமாவது முதற்பகுதி தொடங்கி எட்டாம் பகுதி வரை வரிசை மாறாமல் பாருங்கள். ஆங்கிலம் இலண்டன் கூலிமக்களின் கொச்சையாதலால் முதலில் காதில் ஏறாது. கீழே வரும் எழுத்துகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோடாவின் வீட்டை அத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். பின்வரும் பருவங்களிலும் அக்குடும்பம் வருகிறது, சூசன் வளர்கிறாள்.